வளவுக்குள் தடாகம், அயலவர் கிணற்றில் உப்பு!

நம் கரையோர ஊர்களில் ஒரு புதுமை புகுந்திருக்கிறது. வீடு கட்ட எண்ணியவர் முன்னர் கேட்ட முதற் கேள்வி, “கிணறு எங்கே வெட்டலாம்?” என்பது. இன்று வசதி படைத்தோர் கேட்கும் கேள்வி, “நீச்சல் தடாகம் எங்கே வெட்டலாம்?” என்பது! மதிலை உயர்த்துகிறார்கள், மண்ணைத் தோண்டுகிறார்கள், நீல ஓடு பதிக்கிறார்கள், இரவெல்லாம் மின்பம்பி இரைகிறது. திறப்பு விழாவுக்கு அழைப்பும் வருகிறது. அத்தகைய அழைப்பு எனக்கும் வந்தது. நானும் போனேன், நீரைப் பார்த்து வியந்தேன், விருந்துண்டு திரும்பினேன். இக்கட்டுரையை எழுதுபவன் குற்றமற்றவன் என்று எவரும் எண்ண வேண்டாம் என்பதற்காகவே இதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

சில கிழமைகள் கழித்து ஒரு முதிய தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு போத்தல் தண்ணீர்.

“மகன், இதக் கொஞ்சம் வாயில வெச்சுப் பாருங்க” என்றார். வைத்தேன். உப்புக் கரித்தது.

“எங்கட வாப்பா வெட்டின கிணறு மகன். சுனாமி வந்து கெட்ட கிணறு, ரெண்டு மூணு மாரி மழையில நல்லாகிட்டுது. இப்ப அடுத்த வளவுல குளம் கட்டினாப் பொறகு தேத்தண்ணியும் குடிக்க ஏலாது. இதுக்குச் சட்டத்துல இடம் இல்லையா?”

இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் படித்தும் பேசியும் வயிறு வளர்க்கும் நான் அந்தத் தாய்க்கு என்ன விடை சொன்னேன்? “உம்மா, இடம் இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை” என்றேன். அவர் போத்தலை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அன்று தொடங்கியது இந்தச் சிந்தனை.

நம் காலடியில் இருப்பது என்ன?

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஊடாக அக்கரைப்பற்று வரை நம் ஊர்கள் ஒரு மணற்றிட்டின் மேல் நெருக்கியடித்து நிற்கின்றன. கிழக்கே கடல், மேற்கே கரைவாகு முதலிய வயல்வெளிகள். பெண்மக்களுக்கு வீடும் வளவும் கொடுப்பது நம் வழக்கம். பாட்டியின் 40 பேர்ச் வளவு தாயின் காலத்தில் 20 ஆகி, மகளின் காலத்தில் 10 ஆகிவிட்டது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு மலகூடக் குழி. மேலே மதில்கள் பிரிக்கின்றன. கீழே மதில் இல்லை. உம் கிணறும் என் கிணறும் ஒரே நீரின் இரு வாய்களே.

அந்த நீர் எத்தகையது? வடகீழ் மாரியில், ஐப்பசி முதல் தை வரை, பெய்யும் மழை மணலுக்குள் இறங்கித் தங்குகிறது. அதற்குக் கீழே கடலின் உப்புநீர் நிற்கிறது. உப்புநீர் பாரமானது, நன்னீர் இலேசானது. ஆகவே நன்னீர், நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்த ஒரு வில்லைபோல உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஒல்லாந்தரான கைபனும் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் நூறாண்டுகளுக்கு முன்னரே இதன் கணக்கைக் கண்டு சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். அந்த ஓரடியை நாம் உறிஞ்சிவிட்டால், கீழிருந்து உப்பு எழுந்து வரும். ஒரு கிணற்றில் வாளியால் அள்ளும்போது எழாத உப்பு, வலிய மின்பம்பி இடைவிடாது இழுக்கும்போது எழுகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிறு காலை நம் கிணறுகள் யாவும் கடலாயின. பின்னர் உதவிக்கு வந்தோர் நல்லெண்ணத்தோடு பம்பிகளைக் கொண்டுவந்து கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். கிழக்குக் கரையை ஆராய்ந்த நிலநீர் வல்லுநர் கண்டது என்ன? அளவுமீறி இறைப்பது உப்பைப் போக்காது, கீழுள்ள உப்பையும் மேலே கொணர்ந்துவிடும். கிணறுகளைத் தேற்றும் பெரிய மருந்து மழையே. அந்தத் தாய், “மாரி மழையில நல்லாகிட்டுது” என்று சொன்னதும் இதையே. வல்லுநர் கருவி கொண்டு கண்டதை அவர் நாவினால் கண்டிருந்தார்.

கணக்கைப் பார்ப்போம்

நீளம் 30 அடி, அகலம் 15 அடி, சராசரி ஆழம் நாலரை அடி. வீட்டுத் தடாகத்துக்கு இது மிகையான அளவன்று. இதை நிரப்ப ஏறத்தாழ 57,000 லீற்றர் நீர் வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு ஆளுக்கு 100 லீற்றர் செலவிடுமாயின், அது அக்குடும்பத்துக்கு 114 நாள் நீர். மூன்றே முக்கால் மாதத்து வாழ்வு. நிரப்பினால் போதுமா? நம் பகுதியின் வெயிலிலும் காற்றிலும் திறந்த நீர்ப்பரப்பு நாளுக்கு 5 மில்லிமீற்றர் வற்றுவது இயல்பு. அந்த ஒரு தடாகத்திலிருந்து நாள்தோறும் 200 லீற்றருக்கு மேல் வானத்துக்குப் போகிறது. எவரும் நீந்தாத நாளிலும் இரண்டு மனிதர் குடித்து, குளித்து, சமைக்கும் நீர் வீணே ஆவியாகிறது! வடிகட்டியைக் கழுவும் நீரும், குளோரின் கலந்து வெளியேற்றும் நீரும் இதற்குப் புறம்பு.

“என் காணி, என் நீர்” என்போருக்கு

“என் காணிக்குக் கீழுள்ள நீர் என்னுடையது, எவர் கேட்பது?” என்கிறார்கள். சட்டம் அறிந்த நண்பர்களே இதைக் கூறுவதுதான் விந்தை! ஆம், பழைய சட்டம் அவ்வாறே இருந்தது. 1895இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை பிராட்போர்ட் நகரசபைக்கும் பிக்கிள்ஸ் என்பவருக்கும் இடையிலான வழக்கில், தன் நிலத்தடி நீரை இடைமறிக்கும் உரிமை ஒருவனுக்கு உண்டு, அவன் நோக்கம் தீயதாயினும் அது தடையன்று, என்று தீர்த்தது. நமது பொதுச்சட்டமான ரோமன் டச்சுச் சட்டமும் நிலத்தடி நீரை நிலவுடைமையோடு பிணைத்தது. அயலவனைத் துன்புறுத்தும் ஒரே நோக்கோடு செய்வதை மட்டும் கண்டித்தது.

ஆனால், அந்தச் சட்டம் எக்காலத்துக்குரியது? மின்பம்பி இல்லாத காலத்துக்குரியது. கயிறும் வாளியும் துலாவும் இருந்த காலத்தில் ஒருவன் எவ்வளவுதான் அள்ள முடியும்? அவன் கைவலிமையே அவனுக்கு வரம்பு. இன்று அந்த வரம்பு இல்லை. வரம்பு போனபின் பழைய உரிமையை மட்டும் வைத்துக்கொள்வது நீதியா?

ரோமன் டச்சுச் சட்டத்தை நம்மைப் போலவே பெற்ற தென்னாபிரிக்கா, 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தால் நீரைத் தனியுடைமையிலிருந்து விடுவித்து, மக்கள் சார்பில் அரசு பேணும் பொதுப்பொருளாக ஆக்கியது. நமது நாட்டில் 2000ஆம் ஆண்டு எப்பாவலை பொசுபேற்று வழக்கில், இயற்கை வளங்களுக்கு அரசு தன்னிச்சையான முதலாளி அன்று, மக்களுக்காகக் காப்பாளன் என்ற கொள்கையை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது. 2019இல் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று அதே நீதிமன்றம் தீர்த்து, 2 கோடி ரூபா இழப்பீடு கட்டளையிட்டது. ஆகவே சட்டம் நகரவில்லை என்று கூற முடியாது. நகர்ந்திருக்கிறது, நம் தெருவுக்கு இன்னும் வரவில்லை.

முஸ்லிம் ஊர்களில் வாழும் நமக்கு இன்னொரு சட்ட மரபும் உண்டு. துருக்கிப் பேரரசு 1869 தொடக்கம் 1876 வரை தொகுத்த மஜல்லா என்னும் சட்டத்தொகுப்பு, நீரையும் புல்லையும் நெருப்பையும் மக்கள் அனைவரும் பங்காளிகளாக உள்ள பொருள்களாக வகுத்தது. மதீனாவில் ரூமா கிணற்றை விலைகொடுத்து வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கிய உஸ்மான் அவர்களின் வரலாற்றை அறியாத பிள்ளை நம் ஊரில் உண்டா? நம் முன்னோர் தடாகம் கட்டவில்லையா? கட்டினார்கள்! பள்ளிவாசலில் ஹவுள் கட்டினார்கள். ஏழையும் போடியாரும் ஒரே விளிம்பில் குந்தி வுழுச் செய்தார்கள். கோயிலின் முன் கேணி வெட்டினார்கள், ஊரே படியிறங்கியது. தடாகம் நமக்குப் புதிதன்று. அதைச் சுற்றி மதில் கட்டியதே புதிது!

விவசாயி கேட்கும் கேள்வி

நம் எதிர்வாதிகளின் வலிய வாதம் ஒன்று உண்டு. அதை மறைத்துப் பேசுவது முறையன்று. “ஓர் ஏக்கர் வேளாண்மை ஒரு போகத்தில் குடிக்கும் நீரில் பல பத்துத் தடாகங்களை நிரப்பலாம். விவசாயியை விட்டுவிட்டு எங்களை ஏன் பிடிக்கிறீர்?” என்கிறார்கள்.

கணக்கு சரி, முடிவு பிழை. வயலுக்குப் பாயும் நீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. வடிந்து அடுத்த வயலுக்குப் போகிறது. எஞ்சியது நெல்லாகி ஊருக்கு உணவாகிறது. தடாகத்து நீரோ ஓட்டுக்குள் அடைபட்டு, மண்ணைத் தொடாமல், வானத்துக்கும் சாக்கடைக்கும் போகிறது. மேலும், நீரின் அளவு மட்டுமா வழக்கு? எடுக்கும் இடம் எது, காலம் எது என்பதே வழக்கு. கல்லோயாவின் நீரை எடுப்பது வேறு. வைகாசி வெயிலில், 10 பேர்ச் வளவில், அயலவரின் கிணற்றுக்கு முப்பதடி தூரத்தில் எடுப்பது வேறு.

“அப்படியாயின் குழாய்நீரால் நிரப்புகிறோம், கிணற்றைத் தொடவில்லை” என்பார்கள். குழாய்நீர் எங்கிருந்து வருகிறது? அம்பாறையில் கொண்டைவெட்டுவான் குளத்து நீரைச் சுத்திகரித்தே கரையோரத்துக்கு அனுப்புகிறார்கள். அது கல்லோயாத் திட்டத்தின் நீர். வட்டை விவசாயியின் நீர். பெருஞ்செலவில் குடிநீராக்கி, மைல் கணக்கில் குழாய் வழியே கொண்டுவந்து, அதில் குதித்து விளையாடுவதா? கிணற்றால் நிரப்பினால் அயலவர் பங்கு. குழாயால் நிரப்பினால் விவசாயி பங்கு. இரண்டில் எதை எடுத்தாலும் பிறர் பங்கே!

இதே கல்லோயாவின் இடதுகரையில் 1981ஆம் ஆண்டு முதல் நடந்ததை நம் படித்தவர்கள் நினைவுகூர வேண்டும். வாய்க்காலின் தலைப்பில் இருந்தோர் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைக்கோடியில் இருந்தோர் பெரும்பாலும் தமிழ் பேசும் விவசாயிகள். நீர் குறைந்த அந்நாளில், தலைப்பில் இருந்தோர் முறைவைத்துப் பாய்ச்சி மிச்சப்படுத்திய நீரைக் கடைக்கோடிக்கு விட்டார்கள். இனம் வேறு, மொழி வேறு, ஆயினும் விட்டார்கள். பட்டம் பெறாத விவசாயி கண்ணுக்குத் தெரியாத கடைக்கோடிக்காரனை நினைத்தான். பட்டம் பெற்ற நாம் மதிலுக்கு அப்பாலுள்ள மூதாட்டியை நினைக்கக் கூடாதா?

2000ஆம் ஆண்டு அரசு ஒரு நீர்வளக் கொள்கையைக் கொண்டுவந்தபோது, விவசாயியின் நீருக்கு அனுமதிப்பத்திரமும் அளவும் விலையும் வந்துவிடும் என்ற அச்சம் நாடெங்கும் எழுந்தது. எதிர்ப்பால் அது நிலைக்கவில்லை. வயலுக்கு அளவு கேட்கத் துணிந்தோர், வளவுத் தடாகத்துக்கு அளவு கேட்க ஏன் துணியவில்லை? கேட்கப்படுவோர் யாவர் என்பதே இதன் விடை!

பெண்களின் பெயரால்

இன்னுமொரு வாதம்: “நம் பெண்கள் கடலில் நீந்த முடியுமா? மறைவான தடாகம் வேண்டாமா?” இதை நான் எள்ளி நகையாடேன். சுனாமியில் நம் மாவட்டம் 10,000 உயிர்களுக்கு மேல் இழந்தது; இத்தீவில் வேறெந்த மாவட்டமும் இத்துணை இழக்கவில்லை. மாண்டோரில் பெண்களும் பிள்ளைகளும் மிகுதி. நீந்தத் தெரியாமையும் அதற்கொரு காரணம். கடலோரத்தில் பிறந்த பெண்பிள்ளை நீச்சல் அறியாது வளர்வது நம் சமுதாயத்துக்கு இழுக்கு.

ஆனால், அந்த வாதத்தை அதன் முடிவுவரை கொண்டுசெல்லுங்கள். வைத்தியரின் மகளுக்கு மட்டுமா நீச்சல் வேண்டும்? மீனவரின் மகளுக்கும் நெசவாளியின் மகளுக்கும் வேண்டாமா? பத்து வீடுகள் பத்துத் தடாகம் கட்டும் பணத்தில், பெண்களுக்கெனத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் உள்ள ஒரு பொதுத் தடாகத்தை ஊருக்குக் கட்டலாம். ஒரு முறை நிரப்பிய நீர் ஆயிரம் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கும். பெண்களின் பெயரால் வாதிடுவோர் இதற்கு முதற் கையொப்பம் இடுவார்களா?

நாம் கேட்பது என்ன?

அந்தத் தாயின் கிணறு அயல்வீட்டுத் தடாகத்தால்தான் கெட்டது என்று மன்றில் நிறுவ என்னிடம் சான்றில்லை. தடாகம் வருமுன் அக்கிணற்றின் உப்பை எவரும் அளக்கவில்லை, வந்தபின்னும் அளக்கவில்லை. குற்றம் சாட்டப்படுபவர் குற்றமற்றவராகவும் இருக்கலாம். அதை அறியும் வழியையே நாம் ஏற்படுத்தவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. அது தனியொருவர் மேல் அன்று. நம் சபைகள் மேல், நம் மேல், என் மேல்.

நிலத்தடி நீருக்கெனச் சட்டமே இல்லையா? 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் நீர்வள சபையைத் தோற்றுவித்தது. 1999ஆம் ஆண்டின் திருத்தம் நிலத்தடி நீரை அதன் கவனிப்புக்குள் கொணர்ந்தது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் அபிவிருத்தி வேலை செய்வோர் அனுமதி பெற வேண்டும். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம், கவனிப்பாரற்றுப் பாசி பிடித்த தடாகத்தையும் தொடும். மாநகர சபைக்கும் பிரதேச சபைக்கும் துணைவிதி இயற்றும் அதிகாரம் உண்டு. வாளும் இருக்கிறது, உறையும் இருக்கிறது. ஏந்தும் கையே இல்லை!

ஆகவே கேட்கிறோம்:

ஒன்று: சபையின் அனுமதியின்றி வளவுக்குள் தடாகம் வெட்டக் கூடாது. அனுமதிக்கு முன்னர் சுற்றுவட்டக் கிணறுகளின் உப்பளவும் நீர்மட்டமும் பதியப்பட வேண்டும்; ஆண்டுதோறும் மீண்டும் அளக்கப்பட வேண்டும்.

இரண்டு: கிணற்றாலோ குடிநீர்க் குழாயாலோ தடாகம் நிரப்பக் கூடாது; கூரை மழைநீரால் நிரப்பலாம். இது நடவாத காரியமா? 1,000 சதுர அடிக் கூரையில், ஆண்டுக்கு 1,500 மில்லிமீற்றர் மழை விழுந்து அதில் ஐந்திலொன்று வீணானாலும், ஏறத்தாழ 110,000 லீற்றர் சேரும். மேற்சொன்ன தடாகத்தை ஏறக்குறைய இருமுறை நிரப்பலாம்! சேர்த்து வைக்கத் தொட்டி கட்டட்டும். தடாகத்தை மூடிவைத்து ஆவியைத் தடுக்கட்டும். நீரைச் சுத்திகரித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தட்டும். தடாகத்துக்குச் செலவிட முடிந்தவருக்குத் தொட்டிக்கும் செலவிட முடியும்.

மூன்று: தடாகத்தைச் சுற்றிப் பிள்ளைகள் தாண்ட முடியாத வேலியும் பூட்டிய படலையும் வேண்டும். அயல்வீட்டுக் குழந்தை தவறி விழுந்தபின் எழுதப்படும் துணைவிதி நமக்கு வேண்டாம்.

நான்கு: விருந்தினர் விடுதிகளுக்கும் இதே விதி பொருந்த வேண்டும். குடிநீருக்காக நெடுங்காலம் குரலெழுப்பிய பொத்துவிலுக்கு அருகே, அறுகம்பையில் வெளிநாட்டார் நீராடும் தடாகம் எந்த நீரால் நிரம்புகிறது என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு.

ஐந்து: ஊருக்கொரு பொதுத் தடாகம். அதன் முதல் மாணவர் நம் பெண்பிள்ளைகள்.

தொழில் புரியும் நண்பர்களே! உழைத்துச் சேர்த்த பணத்தில் இன்பம் நாடுவதை எவரும் பழிக்கவில்லை. வெயிலில் களைத்தவன் தண்ணீரில் இறங்கும் சுகத்தை அறியாதவனல்லன் நான். அந்தச் சுகத்தின் விலையை மதிலுக்கு அப்பாலுள்ளவர் செலுத்தக் கூடாது என்றே கூறுகிறேன். விவசாயப் பெருமக்களே! வட்டைக் கூட்டத்தில் வாய்க்காலுக்கு முறை வகுக்கும் உங்கள் அறிவை நகரத்துக்கும் கற்பியுங்கள். கல்முனையில் எந்தச் செயலகத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று தமிழரும் முஸ்லிம்களும் ஆண்டுக்கணக்கில் வழக்காடுகிறோம். மண்ணுக்கடியிலுள்ள நீர் அந்த எல்லையை அறியாது, உப்பும் அறியாது. உப்பு வந்தால் இரு பக்கத்துக் கிணற்றுக்கும் வரும்.

அந்தத் தாயை நான் மீண்டும் சந்திக்க வேண்டியிருக்கிறது. “இதுக்குச் சட்டத்துல இடம் இல்லையா?” என்ற அவருடைய கேள்வி இன்னும் விடையின்றி என் மேசையில் கிடக்கிறது. வரும் மாரிக்கு முன்னர் நம் சபைகள் துணைவிதி இயற்றட்டும். அன்றுதான் அவர் வீட்டுப் படலையைத் திறந்து, “இடம் இருக்கிறது உம்மா” என்று சொல்லும் துணிவு எனக்கு வரும்.